ரம்பத்தில் இருந்த டியூப்

மாலை நாலு பத்து. கடையின் பின்சுவர் அலமாரி மெல்ல நடுங்கியது. ஆணி டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. நாலைந்து மூச்சு விடும் நேரம். பிறகு நின்றுவிட்டது.

சையத் இப்ராஹிம் தலை தூக்கவில்லை. தினமும் நாலு பத்துக்குச் சேலம் பஸ் கிளம்புகிறது, டிரைவர் எஞ்சினை உறுமவிடுகிறான், தரை அதிர்கிறது என்று தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தார். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுங்குவது மேல்தட்டு மட்டும். கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த பல்புகள் அசைவதில்லை. மேல்தட்டில் பேட்டரி ரம்பம் இருந்தது.

கை நீளம் இருக்கும். விசையை அமுக்கினால் முனையிலுள்ள பிளேடு முன்னும் பின்னும் ஓடும். விட்டால் நிற்கும். கைப்பிடிக்கு அடியில் பேட்டரியைச் செருகினால் போதும், ஒயர் வேண்டாம். கரண்டு எட்டாத காப்பித் தோட்டங்களுக்கு அதை வாடகைக்கு எடுத்துப் போவார்கள். நிழல் மரங்களுக்குக் கவாத்து செய்யும் மாதங்களில் அது கடையில் தங்கியதே இல்லை. இப்போது ஒரு வருஷமாக யாரும் கேட்கவில்லை. அவரும் யாருக்கும் எடுத்துக் காட்டவில்லை. பேட்டரி அதில் இல்லை. வீட்டில், மனைவி பரிதாவின் தையல் மெஷின் இழுப்பறையில் மஞ்சள் துணியில் சுற்றிக் கிடந்தது.

பேட்டரி இல்லாமல் அது ஓடாது. அவருக்குத் தெரியும்.

போன வைகாசியில் கிளியூர் மாதேஷ் வந்திருந்தான். இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருந்தவன். மழை பிடிப்பதற்குள் நிழல் மரமான சில்வர் ஓக்கின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும் என்றான். அந்த வாரம் ரம்பத்தின் விசை சரியில்லை. முழு பலத்தோடு அமுக்கிப் பிடித்தால்தான் ஓடும். விரல் கொஞ்சம் தளர்ந்தாலும் நின்றுவிடும். புது விசை சேலத்திலிருந்து வர வேண்டும் என்று இப்ராஹிம் சொன்னார். மாதேஷ் வானத்தைக் காட்டினான்.

கடைக்குப் பின்னால் ஆணியில் மகன் ஆரிப்பின் பழைய சைக்கிள் டியூப் தொங்கியது. இப்ராஹிம் அதில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் அறுத்தார். கைப்பிடியையும் விசையையும் சேர்த்து இறுக்கி மாட்டினார். ரம்பம் விடாமல் ஓடியது. பனியில் விரல் மரத்துப்போகும் எஸ்டேட் ஆட்கள் இப்படிச் செய்வதுண்டு. நிறுத்த வேண்டுமென்றால் பேட்டரியை உருவிவிடு என்றார்.

மாதேஷ் சிரித்தான். "ஏனுங்க பாய், எங்கூட்டு அம்மிணி பேச்சாட்டம் இது நிக்கவே நிக்காதாட்ட இருக்குதுங்க."

இப்ராஹிமும் சிரித்தார்.

அன்று மாலை ஏணி வழுக்கியது. கையை விட்டதும் நிற்க வேண்டிய ரம்பம் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே அவனோடு விழுந்தது. தொடையில் பாய்ந்தது. மாதேஷின் மனைவி மலர் ஜீப்புக்குப் போன் செய்தது நாலு பத்துக்கு. சேலத்துக்கு இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது.

மாதேஷே டியூப்பைக் கட்டிக்கொண்டான் என்று ஊர் பேசியது. எஸ்டேட் ஆட்களைப் பார்த்துப் பழகிய சோம்பல் என்றார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், தான் கொடுக்கும்போது ரம்பத்தில் டியூப் இல்லை என்று இப்ராஹிம் சொன்னார். ஒரே வாக்கியம். அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டார். அதோடு பழி செத்தவன் மேல் நிலைத்துவிட்டது.

ரம்பம் கடைக்குத் திரும்பி வந்ததும் புது விசை வாங்கி மாற்றினார். நாலு திருகாணி. பத்து நிமிஷ வேலை.

அலமாரி நடுங்க ஆரம்பித்தது அதன்பிறகுதான்.

வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடித்து வந்து ரம்பத்தை இறக்கித் துடைப்பார். பிளேடு மாட்டும் வாயில் பிரஷ் போடுவார். துரு ஏறாமல் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். மோட்டார் சூடு வெளியேறும் துளைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்வார். ஒரு வருஷமாக ஓடாத ரம்பம். ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் அந்தத் துளைகளில் மரத்தூள் இருந்தது. ஈரமான தூள். பச்சை மரத்தின் வாசனை. பரிதாவிடம் இதைச் சொல்லவில்லை.

அந்த மாலைக்கு மறுநாள் பஸ் ஸ்டிரைக். பஜார் வெறிச்சோடிக் கிடந்தது. மூன்றரை மணிக்கு மலர் வந்தாள். கிளியூரிலிருந்து நடந்தே வந்திருந்தாள். வாய் ஓயாதவள் என்று மாதேஷ் சொல்லியிருந்தான். அப்படித் தெரியவில்லை. கடைவாசலிலேயே நின்று கேட்டாள்.

"அந்த ரம்பம் இருக்குதுங்களா, பாய்?"

கைரம்பம் தருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றாள். மரங்கள் பாதி கழித்தபடியே நிற்கின்றன. காப்பிச் செடிக்கு வெளிச்சம் போதவில்லை. அந்தத் தோட்டத்தில் மரமேற ஆட்கள் வர மறுக்கிறார்கள். அதனால் அவளே ஏறப்போகிறாள். பழக்கிவிட்டால் போதும் என்றாள்.

இப்ராஹிம் பரிதாவுக்குப் போன் செய்தார். பரிதா மஞ்சள் துணி மூட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மலரைப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பினாள்.

அவர் ரம்பத்தை இறக்கி மேசையில் வைத்தார். போன வருஷம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னார். கண்ணாடி போடாமல் தொடக்கூடாது. இரண்டு கையும் ரம்பத்தில் இருக்க வேண்டும், ஆகவே ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. பரண் கட்டி, கயிற்றால் இடுப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிளேடுக்குப் பின்னாலுள்ள இரும்புத் தட்டை மரத்தோடு அழுத்திய பிறகுதான் விசையைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் ரம்பம் கையை உதறும். கிளைக்கு அடியில் முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலிருந்து வந்தால் பிளேடு மாட்டிக்கொள்ளாது. விசையை விட்டதும் பிளேடு நின்றதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறக்க வேண்டும். பிளேடு மாற்றுவதென்றால் முதலில் பேட்டரி வெளியே வர வேண்டும். சாயங்காலம் பிசினைத் துடைத்துவிட்டு, பேட்டரியை ஈரம் படாத இடத்தில் தனியே வைக்க வேண்டும்.

பேட்டரியைச் செருகி, விசையை அமுக்கி, விட்டுக் காட்டினார். விட்டதும் நின்றது.

அவள் கவனமாகப் பார்த்தாள்.

"பேட்டரிய உருவுனாலும் நின்னுருங்களா?"

"நின்னுரும் அம்மிணி."

அவள் உருவினாள். செருகினாள். மறுபடி உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "அது ஓடிட்டே கெடந்துச்சு. நான் கொடுவாளத் தேடிட்டு ஓடுனேன்."

இப்ராஹிம் மஞ்சள் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

மணி நாலு பத்து. அலமாரி நடுங்கியது. மேல்தட்டு. ஆணி டப்பாக்கள் கிணுகிணுத்தன. அவர் வாசலைப் பார்த்தார். ரோட்டில் பஸ் இல்லை, ஜீப் இல்லை. ரம்பம் மேசையில் அசையாமல் கிடந்தது. பேட்டரி மலரின் கையில் இருந்தது.

மலரும் திரும்பி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிற்கும் வரை பார்த்தாள்.

பிறகு பேட்டரியை மேசையில் வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கறுப்பாக ஒரு ரப்பர் துண்டை எடுத்து ரம்பத்தின் பக்கத்தில் போட்டாள். இரண்டு விரல் அகலம். ஒரு பக்கம் வெட்டுப்பட்ட வளையம். நடுவில் சிவப்பு பஞ்சர் ஒட்டு. ஆரிப் தன் கையால் ஒட்டியது.

"நாந்தானுங்க அறுத்தேன். சேலம் போயி எறங்கறப்பப் பாத்தா கையிலயே இருந்துச்சு" என்றாள். "அவுரு கவனமான ஆளுங்க. எங்கூட்டுல சைக்கிளே கெடையாது. எங்க வளவுல எந்தூட்டுலயும் இல்ல, அந்த மேட்டுல ஆருங்க ஓட்டறது? அன்னிக்கு உங்க கடையிலிருந்து நேராத் தோட்டத்துக்குத்தான் வந்தாரு."

இப்ராஹிம் ரப்பர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த டியூப்பு அவருக்கு ஏதுங்க, பாய்?"