தோளை இறக்கிய நாள்

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம். நடந்ததில் பாதி நானே பார்த்தது. மீதி, அதைக் கூட்டிப் பெருக்கும் அம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

விளையாட்டு விடுதியில் ஒரே ஓர் இடம். தங்க, சாப்பிட, படிக்க எல்லாம் இலவசம். போட்டி இரண்டு பதினாலு வயசுப் பெண்களுக்குள்: ஒன்று மாடி வீட்டுத் தையல்காரியின் மகள், இன்னொன்று விசில் வாத்தியாரின் அக்கா மகள். விசில் வாயிலிருந்து இறங்காததால் உடற்பயிற்சி வாத்தியாருக்கு அந்தப் பெயர்.

சோதனை இதுதான். சுவரோரம் நின்று கையை உயர்த்தி, சாக்பீஸ் தூள் தடவிய விரலால் ஒரு குறி. பிறகு நின்ற இடத்திலிருந்தே எம்பி இன்னொரு குறி. நடுவில் எத்தனை சென்டிமீட்டரோ அதுதான் மார்க்.

இதில் என்ன திருட்டு என்கிறீர்களா? முதல் குறி வைக்கும்போது தோளைக் கொஞ்சம் இறக்கி, முழங்கையை லேசாக மடக்கினால் போதும், குறி கீழே விழும். கூடுதலாக எம்பாமலேயே ஒன்பது சென்டிமீட்டர் லாபம். வாத்தியார் அக்கா மகளுக்கு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த ஒரே வித்தை அது. குக்கர் வெயிட் மாதிரி எழும்பிய அந்தப் பெண்ணுக்கு நாற்பத்திரண்டு. தையல்காரி மகள், அசடு, கையை முழுசாக நீட்டித் தொலைத்து முப்பத்தெட்டு வாங்கியது.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவுமுறை கொண்டுவர ஒரு டாக்டரம்மா வந்தார். வெறுங்கால், குதிகால் தரையில், புஜம் காதை உரச வேண்டும். அப்படி அளந்ததில் அக்கா மகள் முப்பத்துமூன்று. தையல்காரி மகள் அதே முப்பத்தெட்டு.

வாத்தியார் முகம் தொங்கும் என்று காத்திருந்தேன். அவரோ டாக்டரம்மா கொண்டுவந்த தாளையே எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினாராம்: வேறு வேறு முறையில் எடுத்த அளவுகளைக் கலக்கக் கூடாது. மற்ற பள்ளிகளெல்லாம் பழைய முறையில் அளந்திருக்க, இங்கே மட்டும் புதுசா? ஆகவே இந்த வருஷம் பழைய முறை, புதுசு அடுத்த வருஷம். அந்தம்மாவும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். ஒழுங்குக்குப் போட்ட விதியைக் கொண்டே திருட்டைப் பத்திரப்படுத்திவிட்டார் வாத்தியார்; என்ன சாமர்த்தியம்!

தையல்காரி கழுத்தில் டேப்போடு வந்து நின்றாள்.

"பழைய முறைன்னா என் பொண்ணுக்கும் பழைய முறைதானே சார்? இன்னொரு தடவை எம்பட்டும். இல்லைன்னா டாக்டரம்மா கார் இன்னும் தெருமுனையைத் தாண்டலை."

இந்த அசடு மறுபடியும் கையை நீட்டித் தொலைக்கும் என்ற தைரியத்தில் வாத்தியார் சரி என்றார். பெண்ணும் அப்படித்தான் நீட்டியது. அம்மாக்காரி பக்கத்தில் போனாள்.

"தோளை இறக்குடி."

"அது தப்பும்மா."

"தெரியும். இறக்கு."

இறக்கியது. எம்பியது. நாற்பத்தேழு.

ஏமாற்று என்று வாத்தியாரால் வாயைத் திறக்க முடியுமா? எழுதினார். எழுதிவிட்டு, இத்தனை நாளும் தாமே பயிற்சி கொடுத்தவர் மாதிரி அந்தப் பெண்ணின் தலையைத் தடவினார்.

"இப்பதாம்மா உனக்குப் பிடிபட்டிருக்கு."

"ரொம்ப நன்றிங்க சார்" என்றாள் தையல்காரி. நன்றியாம்!

அந்தப் பெண் அம்மாவையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. இரண்டு பேர் கைக்கும் எட்டாத தூரத்தில் போய் நின்றுகொண்டது.