பெயர் போடாத பாட்டுக்கு நாற்பது புள்ளி

இதனால் சகலருக்கும் அறியத்தருவது: ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்துமூன்றாம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து முதலாம் திங்கட்கிழமை, ஆங்கில இலக்கியத்தின் எதிர்காலம் திருகோணமலை லிங்கநகரில், கால் ஆடுகிற ஒரு மேசையின் மீது தீர்மானிக்கப்பட்டது. மேசைக் காலுக்குத் தேங்காய்ச் சிரட்டை முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்துக்கு இதுபற்றி அறிவிக்கப்படவில்லை.

மேசைக்கு உரியவர் இக்னேசியஸ். கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் பதினான்கு வருஷமாகக் கிளாக்கர். எந்தக் கப்பல் எந்தக் கொடியோடு வந்தது, எப்போது போனது என்று பதிவதுதான் வேலை. அன்று காலை வர்த்தமானியில் ஒரு விளம்பரம் கண்டார். ஆசிரியர் கலாசாலைக்கு ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் தேவை. ஆங்கில இலக்கியத்திலும் திறனாய்விலும் போட்டிப் பரீட்சை. வயது முப்பத்தைந்துக்கு மேற்படலாகாது. இக்னேசியஸுக்கு வருகிற தை மாதத்தோடு முப்பத்தைந்து முடிகிறது. தீவு முழுவதற்கும் வெற்றிடம் ஒன்று. அவருக்கு வாய்ப்பும் ஒன்றுதான். சம்பளம் அவருக்குப் பெரிதல்ல. பதினான்கு வருஷமாகத் துறைமுகம் முழுவதும் அவரைக் ‘கிளாக்கர்’ என்று கூப்பிடுகிறது. சாவதற்குள் யாராவது ஒருவர், அலுவல் எதுவும் ஆகவேண்டியிராமல், தன்னை மரியாதையாகச் ‘சேர்’ என்று கூப்பிட வேண்டும் என்று அவர் விரும்பினார்.

படிப்புக்குக் கொழும்பிலிருந்து தபாலில் ஒரு வழிகாட்டி வந்தது. ரோனியோ போட்ட தொண்ணூறு பக்கம். அறுபது கவிஞர்கள், ஒவ்வொருவருக்கும் மும்மூன்று பாராட்டு. பதினேழாம் நூற்றாண்டுக்காரர் என்றால் ஆழம். பதினெட்டாம் நூற்றாண்டு என்றால் ஒழுங்கு. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் அனைவருக்கும் ஏக்கம். பாட்டுகளை வாசிப்பதும் ஓரளவு பயன் தரலாம் என்று எழுபத்திரண்டாம் பக்கத்து அடிக்குறிப்பு ஒப்புக்கொண்டது. அடிக்குறிப்புகளுக்கு இக்னேசியஸிடம் நேரமில்லை.

ஆகவே வழிகாட்டியோடு வாங்கிய ஆங்கிலப் பாட்டுப் புத்தகம் குசினிக்குப் போனது. அதை அவருடைய மனைவி அருள்மலர் அரிசி களையும்போதும் மீன் வெட்டும்போதும் வாசித்தார்.

“இஞ்சருங்கோ, இந்தப் பாட்டிலை ஒரு மனிசி ஆத்தங்கரையிலை நிண்டு அழுறாள். ஏனெண்டு கடைசி மட்டும் சொல்லேல்லை.”

“எத்தினையாம் நூற்றாண்டு?”

“அதையும் அவள் சொல்லேல்லை.”

“பக்கத்தின்ரை அடியிலை பாரும்.”

“பதினெட்டு.”

“அப்ப அழ மாட்டாள். அந்த ஆக்கள் ஒழுங்கு.”

“எனக்கும் அழுகை வந்திட்டுது.”

“அது உம்மடை பிழை.”

இரண்டாம் கிழமை இடி விழுந்தது. பரீட்சைத் திணைக்களத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை: இரண்டாம் பத்திரத்தில் எழுதியவர் பெயர் இல்லாமல் ஒரு பகுதி தரப்படும், அதை மதிப்பிடுக, கட்டாய வினா, நாற்பது புள்ளி.

இக்னேசியஸ் அதைக் கந்தோருக்குக் கொண்டுபோய், அடுத்த மேசை மஹ்ரூபிடம் நீட்டினார். மஹ்ரூப் தட்டச்சாளர், கிண்ணியாவிலிருந்து தினமும் வள்ளத்தில் வருபவர்.

“பேர் போடாமல் எப்பிடி மதிப்பிடுறது? ஒரு கப்பல் வருது எண்டு வையும். கொடியில்லை. ஆருக்கெண்டு மரியாதை குடுக்கிறது?”

“கப்பலப் பாருங்களன் மச்சான்.”

“கப்பலைப் பாத்து என்ன செய்யிறது?”

மஹ்ரூப் நல்ல மனிதர். தினமும் ஒரு பாட்டைப் பெயர் நீக்கி, அரைத்தாளில் அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். எந்தப் பாட்டு என்பதை அருள்மலர் தேர்ந்தார். கொண்டை ஊசியைப் பக்கத்தில் செருகிப் புத்தகத்தைக் கொடுத்தனுப்புவார். முதல் ஐந்து நாளில் இக்னேசியஸ் ஒரே கவிஞரை மூன்று நூற்றாண்டுகளில் பிறக்கவைத்தார்.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. பின்னேர வள்ளத்தைப் பிடிக்கிற அவசரம் மஹ்ரூபுக்கு. அவருடைய மேசையில் இரண்டு அரைத்தாள்கள் கிடந்தன. ஒன்று பாட்டு. மற்றது இறங்குதுறைப் பலகையில் ஒட்டவேண்டிய, மாலுமிகளுக்கான அறிவித்தல். எதை ஒட்டினார், எதைக் கொடுத்தார் என்று விளக்கத் தேவையில்லை.

இக்னேசியஸ் தன் தாளோடு கடலோரம் போய், கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளம் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்தார். காற்று விழுந்துபோயிருந்த நேரம். உட்துறைமுகம் மூச்சுப் பிடித்துக்கொண்டு கிடந்தது. சீனன்குடாப் பக்கத்து எண்ணெய்த் தாங்கிகள் மலைகளின் பிள்ளைகள்போல ஒன்றையொன்று ஒட்டி நின்றன; வெளிச்சம் அவற்றின் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டு மேலேறியது. அவர் தாளை விரித்தார். ஆங்கிலம்தான்; தமிழில் சொன்னால் இப்படி:

வடக்குப் பாறையில் உள்ள சிவப்பு விளக்கு
எரியவில்லை.
மறு அறிவித்தல் வரை
அதை நம்ப வேண்டாம்.
ஆழம் முன்போலவே இருக்கிறது.

நூற்றாண்டைத் தேடினார், கிடைக்கவில்லை. தலையை நிமிர்த்தி வடக்குப் பாறையைப் பார்த்தார். பிறந்த நாள் முதல் அந்தியில் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. இப்போது இல்லை. அது போய் எத்தனை நாளோ, அவர் கவனிக்கவில்லை. திடீரென்று வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன வருஷம் ஞாபகம் வந்தது. சாம்பல் நிறக் கப்பல்கள் ஒன்றொன்றாக வாய் திறந்த கடலுக்குள் போக, அவை நின்ற இடத்துத் தண்ணீர் கனநேரம் மூடாமல் கிடந்ததுபோல அன்று அவருக்குத் தோன்றியது. அதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

எழுதத் தொடங்கினார். விளக்கு எரியவில்லை என்று குரல் உயர்த்தாமல் சொல்வதற்கு எவ்வளவு அமைதி வேண்டும் என்று எழுதினார். நம்ப வேண்டாம் என்கிற இடத்தில் யாரோ தன் தோளில் கைவைத்ததாக எழுதினார். மறு அறிவித்தல் வரைதான் எல்லாரும் வாழ்கிறார்கள் என்றும், வெளிச்சம் போனபின்பும் ஆழம் முன்போலவே இருப்பது ஆறுதலா பயமா தெரியவில்லை என்றும் எழுதினார். வழிகாட்டியின் ஒரு பாராட்டும் கிட்ட வரவில்லை. தண்ணீர் ஊதாவாகிக் கறுத்தது. ஏழு பக்கம்.

வீட்டில் அருள்மலர் கை துடைத்துவிட்டு வாசித்தார்.

“இது நீங்கள் எழுதினதோ?”

“ஏன்?”

“ஒருத்தரையும் பாத்து எழுதினமாதிரி இல்லை. இப்பிடியே போய்ச் சோதினையிலை எழுதுங்கோ.”

சனிக்கிழமை காலை மஹ்ரூபும் அந்த ஏழு பக்கத்தை வாசித்தார். இடையில் ஒருமுறை இருமினார். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்தார்.

“கோவிக்கப்படாது மச்சான். நல்லா எழுதியிரிக்கீங்க. ஆனா இது கவிதை இல்ல. நோட்டீஸ்.”

“என்ன நோட்டீஸ்?”

“கப்பலுகளுக்குப் போடுற நோட்டீஸ். நான்தான் அடிச்சன்.”

“அப்ப கவிதை எங்கை?”

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலால் இறங்குதுறையைப் பார்த்தார்கள், பிறகு ஓடினார்கள். பலகையடியில் வள்ளக்காரர் ஸெய்னுதீன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க கிளாக்கர். கப்பல்காரன் ஒருத்தன் நேத்துலருந்து மூணு தரம் வந்து இத வாசிச்சிட்டுப் போறான். போகக்குள்ள கண்ணத் துடைக்கிறான். ஏதும் பெரிய ஆபத்தா?”

இக்னேசியஸ் தாளைக் கிழித்தெடுத்து, பாராமலே மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். ஆனால் கதை பின்னேரத்துக்குள் துறைமுகம் முழுக்கப் பரவிவிட்டது. அதன்பிறகு மூன்று கிழமை அவர் எந்தப் பக்கம் போனாலும், “கிளாக்கர், இண்டைக்கு நோட்டீஸ் ஏக்கமோ, ஒழுங்கோ?” என்று ஒரு குரல் வந்தது. ஏழு பக்கத்தையும் மடித்து மேசைக் காலுக்குக் கீழே வைத்தார். சிரட்டையால் முடியாத காரியம், ஆட்டம் நின்றது. அந்த உறுதியான மேசையில் வழிகாட்டியைத் தொண்ணூறு பக்கமும் பாடமாக்கினார்.

டிசம்பரில் பரீட்சை. நகரத்துப் பாடசாலை மண்டபம். மழை ஓட்டில் இறங்கி, வெளியே கடலையும் வானத்தையும் ஒன்றாக அழித்துக்கொண்டிருந்தது. முதலாம் பத்திரத்தில் அறுபது கவிஞரையும் அவர்களுக்குரிய பாராட்டோடு வழியனுப்பிவைத்தார். இரண்டாம் பத்திரத்தைத் திருப்பினார். பெயர் இல்லாமல் நான்கு வரி.

விளக்கேற்றுகிறவன் இன்று வரவில்லை.
துறைமுக விளக்கு தன் இருட்டோடு நிற்கிறது.
படகுகள் ஒவ்வொன்றாக
நினைவைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வருகின்றன.

மழைச் சத்தம் தூரப் போனது. ஊதாத் தண்ணீர் மண்டபத்துக்குள் வந்து கதிரைக் கால்களைத் தொட்டது. தோளில் மறுபடியும் அந்தக் கை. பேனா தானாகத் தாளுக்கு இறங்கியது. முதல் வசனம் முழுதாக வந்து வாசலில் நின்றது.

அப்போது ஸெய்னுதீனின் பீடிப்புகை ஞாபகம் வந்தது. இக்னேசியஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்னொருமுறை ஏமாற அவர் தயாரில்லை. எழுதினார்: இது கவிதையன்று. இது மாலுமிகளுக்கான அறிவித்தல். கப்பல் முகவர் கந்தோரில் பதினான்கு வருஷ அனுபவமுள்ளவன் என்ற முறையில் இதை உறுதியாகக் கூறுகிறேன். விளக்கின் அமைவிடம் குறிப்பிடப்படாதது பாரதூரமான குறைபாடு. அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டு, அரை மணித்தியாலம் முன்னதாகவே எழும்பிப் போனார். வாசலில் நின்ற காவலாளி, குடையை எடுத்துக் கொடுத்தபடி, “மழையா இருக்கு, சேர்” என்றார். அதுவும் நல்ல சகுனமாகத்தான் பட்டது.

குசினியில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

“எனக்குப் பொறி வைச்சாங்கள் அருள்மலர். நான் விழேல்லை. நோட்டீஸைப் போட்டிட்டு மதிப்பிடு எண்டு கேக்கிறாங்கள்!”

“என்ன நோட்டீஸ்?”

“விளக்கேற்றுகிறவன் இன்று வரவில்லையாம். துறைமுக விளக்கு தன் இருட்டோடு நிற்குதாம்...”

அருள்மலரின் கையில் அகப்பை நின்றது. “படகுகள் ஒவ்வொன்றாக,” என்றார் மெல்ல, “நினைவைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வருகின்றன.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் அகப்பையால் சுவரைக் காட்டினார். கலண்டருக்குப் பக்கத்தில், சோற்றுப் பசையால் ஒட்டிய ஓர் அரைத்தாள். சட்டைப் பையில் மடித்த மடிப்பு இன்னும் போகவில்லை.

“உடுப்புத் தோய்க்கேக்கை எடுத்தனான். நான் ஊசி குத்தி அனுப்பின பாட்டு; இதிலையும் விளக்கு எரியேல்லை, அதாலை அண்டைக்கு உங்கடை ஏழு பக்கமும் இதைப் பற்றியெண்டுதான் நினைச்சன். பரீட்சைக்காரரும் இந்தப் புத்தகத்தைத்தான் வைச்சிருக்கினம் போலை. ஆறு கிழமையா இதுக்கு முன்னாலை இருந்துதானே சாப்பிடுறியள்?”

இக்னேசியஸ் முதல் தடவையாக வாசித்தார். ஈரக் கையோடு எழும்பிக் கிட்டப் போய் மறுபடியும் வாசித்தார்.

“ஆர் எழுதினது?”

அருள்மலர் பெயரைச் சொன்னார்.

“பத்தொன்பதாம் நூற்றாண்டு,” என்றார் இக்னேசியஸ். “ஆழ்ந்த ஏக்கம். தெளிந்த நடை. கடல்மீது தணியாத பற்று.” மூன்றும் சரியாக இருந்தன.

அன்று பின்னேரம் அருள்மலர் மேசைக் காலைத் தூக்கி ஏழு பக்கத்தையும் எடுத்து, தூசி தட்டி, அலுமாரியில் சீலைகளுக்கு நடுவே வைத்தார். மேசை மறுபடியும் ஆடத் தொடங்கியது.

பங்குனியில் பெறுபேறு வந்தது: சித்தியில்லை, கட்டாய வினாவுக்குப் பூச்சியம். வடக்குப் பாறை விளக்கு அதற்கு முன்னமே எரியத் தொடங்கியிருந்தது. பல்ப் போயிருந்தது, மாற்றிவிட்டார்கள்.