பதினொன்று, ஒன்று, மூன்று

"டேப்பு அக்காவுக்கு இனிமே விமானம்தான்!" என்று புது மேனேஜர் அறிவித்ததும் தையல் கூடமே கைதட்டியது. கழுத்தில் அளவு டேப்போடு நின்ற டேப்பு அக்காவின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

சட்டைக் கம்பெனியில் தரம் பார்ப்பது அவள் வேலை. மாதம் ஒருமுறை மாதிரிச் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு தலைமை அலுவலகம் போய், காலர் அகலம் முதல் கை நீளம் வரை ஒப்புதல் வாங்கி வர வேண்டும். ஒன்பது வருடமாகப் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, ரயில்தான். பாவம், இப்படி அலைகிறாளே என்று ஆளாளுக்குப் பரிதாபப்பட்டார்கள். அந்த இரண்டு ராத்திரிதான் அவள் தூங்கினாள் என்று யார் கண்டது?

ஆறு வருடத்துக்கு முன் மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலுக்கு ஆள் உண்டு. ராத்திரி பதினொன்று, ஒன்று, மூன்று என்று அலாரம் அடித்தால் எழுந்திருப்பது இவள். புருஷன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வண்டி ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் முக்கியம் என்று இவளேதான் அவனை முன்னறையில் படுக்கச் சொன்னாள். நல்ல மனசு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இவள் ஊருக்குப் போகும் ராத்திரிகளில் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வாள்.

ரயிலில் மேல் படுக்கைக்கு ஏறி போனை அணைத்துவிட்டால் போதும். கீழே குழந்தை கத்தும், எவனோ குறட்டை விடுவான், கழிவறைக் கதவு படீர் படீரென்று அடிக்கும். அடிக்கட்டுமே! எந்தச் சத்தமும் அவளைக் கூப்பிடும் சத்தமில்லை.

போன மாதம் முதல் விமானப் பயணம். மூன்று மணி அலாரத்துக்கு எழுந்தவள் அப்படியே கிளம்பினாள். வரிசையில் நின்றாள், பெட்டியைக் கொட்டிக் காட்டினாள், கத்தரிக்கோலைப் பறிகொடுத்தாள். கண்ணை மூடுவதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே ராத்திரி ஒன்பதரைக்கு வீடு. "பாத்தியா, ஒரே நாள்ல முடிஞ்சுது!" என்று புருஷனுக்கு வாயெல்லாம் பல். பதினொன்றுக்கு அலாரம் அடித்தது. விமானம் மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தை எல்லாம் வீடு ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

இந்த மாதம் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். "விமானத்துல ஏறினா காது உயிர் போற மாதிரி வலிக்குது. நான் ரயில்லயே போறேன்."

மேனேஜர் சரி என்றுவிட்டார். புருஷன் விடவில்லை. "காது வலியோட உன்னைத் தனியா அனுப்புவேனா? லீவு போட்டுட்டு நானும் வரேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது.

வீட்டில் நாத்தனாரை விட்டுவிட்டு இருவரும் ரயில் ஏறினார்கள். மேல் படுக்கையில் சாய்ந்தவளுக்குக் கண் சொக்கியது. அப்போது கீழே அலாரம் அடித்தது. அடித்துப் பிடித்து எழுந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டாள். ஏணியில் புருஷன் தலை தெரிந்தது, கையில் சின்ன மருந்துக் குப்பி.

"மணி பதினொண்ணு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு சொட்டு விடணுமாம், மருந்துக் கடையில சொன்னாங்க. காதைக் காட்டு. அடுத்தது ஒரு மணிக்கு, அப்புறம் மூணு. நீ கவலைப்படாத, எல்லாத்துக்கும் அலாரம் வெச்சிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னம்மா, ரொம்ப வலிக்குதா?"

"காதுல ஒண்ணுமில்லீங்க. பொய் சொன்னேன். எனக்குத் தூங்கணும். ஆறு வருஷமா இதே பதினொண்ணு, ஒண்ணு, மூணு. எனக்கு இந்த ரயிலை விட்டா வேற ராத்திரி கிடையாது."

கோபித்துக்கொள்வான் என்று பயந்தாள். அவன் ஏணியில் அப்படியே நின்றான். மருந்துக் குப்பியை மூடிச் சட்டைப்பையில் போட்டான்.

"அந்த அலாரச் சத்தத்த நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே" என்றான். போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டு இறங்கினான்.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. கீழே புருஷன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"நீங்க தூங்கலையா?"

"அலாரத்த அணைக்க மனசு வரல, சத்தமில்லாம அதிர மட்டும் வெச்சேன். ஒண்ணுக்கும் முழிச்சேன், மூணுக்கும் முழிச்சேன். ஒரு ராத்திரிக்கே கண்ணு எரியுது." அவன் அவள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான். "நீ ராத்திரி ரயில்லயே வா. எனக்கு மட்டும் சாயங்கால விமானத்துக்கு ஒரு டிக்கெட் போட்டுக் குடு."

"விமானம்னாலே உங்களுக்கு வயித்தக் கலக்குமே!"

"கலக்கட்டும். அதுலதான் பதினொரு மணி அலாரம் அடிக்கிறதுக்குள்ள அம்மாகிட்ட போய்ச் சேரலாம்."