ஆத்தாவிடம் கேட்ட ஊசி

என் வீட்டுக்காரர் நிவேந்திரனுக்குப் பிள்ளை வளர்ப்பதில் தெரியாதது எதுவுமே கிடையாது. எல்லாம் ஃபோனில் வந்துவிடும். தட்டம்மை ஊசி போட்டால் பிள்ளைக்குப் பேச்சு வராது என்று யாரோ ஒரு தாடிக்காரர் வீடியோவில் சொன்னாலும் சொன்னார், எங்கள் மகளுக்குப் போடவேண்டிய ஒன்பது மாத ஊசி நின்றுபோனது.

அது சுத்தப் பொய் என்று பெம்பான் அரசாங்கக் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி ஜோனிட்டா எனக்குப் பொறுமையாக விளக்கினார். அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன்.

"அவங்க கவர்மெண்ட் ஆளுலா, அப்படித்தான் சொல்வாங்க," என்றார் இவர்.

"உங்க தாடிக்காரர் எந்த ஊரு ஆளு?"

இவர் ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டார். நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டிருப்பேன். ஆனால், "பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் பொறுப்பு, வாணி," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகு தனியாகப் போக எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "அம்மை ஆத்தா சங்கதி. வெள்ளிக்கிழமை கோயில்ல பூ கட்டிப் பார்ப்போம். வெள்ளை வந்தா ஊசி. சிவப்பு வந்தா அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

கோபத்தில் சரி என்றேன். சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. ஆத்தா முன்னால் கொடுத்த வாக்கை மீற எனக்குத் துணிச்சல் கிடையாது.

வியாழக்கிழமை வேலை விட்டு லேட்டாக வந்தார். வழக்கமாக வாசல் கேட்டிலேயே கையை நீட்டிப் பிள்ளையை வாங்குகிறவர், அன்று நேரே குளியலறைக்குள் போனார். குளித்து வந்தும் பிள்ளையைத் தூக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கோபம் தணியவில்லை போலிருக்கிறது என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் பூசாரி ராமையா அபிஷேகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். "நீங்க உங்க வேலையைப் பாருங்க ஐயா, நானே கட்டிக்கிறேன்," என்று இவர் திரும்பி உட்கார்ந்து, வெற்றிலைக்கு ஒரு பூவாக வைத்து மடித்து நூல் சுற்றினார். இரண்டு பொட்டலத்தையும் ஆத்தா காலடியில் போட்டார்.

"எடு, வாணி."

'என் புருஷனுக்கு நீயாச்சும் புத்தி சொல்லு, தாயே' என்று வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். நூலைப் பிரித்தேன். மல்லிகைப்பூ! எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதையாவது சொல்லி மறுபடியும் கட்டச் சொல்வார் என்று பயந்தேன். இவரோ, "வா, இப்பவே கிளினிக் போயிடலாம்," என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு காருக்கு ஓடினார்.

"இன்னொண்ணை மரத்தடியில போட்டுடும்மா," என்றார் பூசாரி. எந்தச் சிவப்புப் பூவிலிருந்து தப்பித்தேன் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பிரித்தேன்.

அதிலும் மல்லிகைதான்.

ஆத்தாவிடமே ஏமாற்று வேலையா? ஆத்திரமாக வந்தது. ஊசி வேண்டும் என்றால் வாயைத் திறந்து சொல்லக்கூடாதா இந்த மனுஷன்? அதற்குள் ஹாரன் சத்தம் கேட்டது. பொட்டலத்தை மறுபடி மடித்து அதே நூலைச் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் போய் உட்கார்ந்தேன்.

"ஒருவழியா அப்பா ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா, மிஸ்ஸி," என்றார் இவர் சத்தமாக. பிறகு குரல் இறங்கிவிட்டது. "கூட வேலை பார்க்கிற புவனேந்திரன் மகனுக்குத் தட்டம்மை, மிஸ்ஸி. நேத்து ஆஸ்பத்திரில கண்ணாடி வழியா பார்த்தேன். மூச்சு விடவே சிரமப்படுறான். அவனுக்கும் இந்த ஊசி போடல. அந்தத் தாடிக்காரர் வீடியோவைப் புவனேந்திரனுக்கு அனுப்பினது நான்தான்." பிள்ளையின் பக்கம் திரும்பினார். "எங்க பிள்ளைக்கு லேட்டாயிடுச்சா?"

"இல்ல. இப்பவே போட்டுடலாம்," என்றார் மிஸ்ஸி.

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளையை அவர் மடியில் உட்கார வைத்தேன். ஊசி ஏறியதும் அவள் வீரிட்டாள். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல," என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இவரும் அழுதார்.

சாயங்காலம் விளக்கேற்றும்போது அந்தப் பொட்டலத்தை எடுத்து வீட்டுச் சாமி மேடையில் வைத்தேன். இவர் அதைப் பார்த்தார். தன் கையால் கட்டிய நூல், தெரியாமலா போகும்? தலையைக் குனிந்துகொண்டார்.

"இது புவனேந்திரன் அண்ணன் மகனுக்கு," என்றேன்.

சூடத்தை எடுத்து அவரே ஏற்றினார்.