மடத்துக்கேணியில் பிள்ளைகள் பிறக்க மறுத்த வருஷம்

1933ஆம் வருஷம் மாசியிலிருந்து ஐப்பசி வரைக்கும் மடத்துக்கேணியில் ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. கர்ப்பிணிகளுக்குக் குறைச்சல் இல்லை; தெருவுக்கு நாலைந்து பேர் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்தார்கள். மாதம் நிறைந்தது, நிறைந்து தாண்டியும் போனது, பிள்ளைகள் மட்டும் வெளியே வர மனசில்லை என்று உள்ளேயே இருந்துவிட்டார்கள். மற்றபடி அந்த வருஷம் மழை சுமார், மிளகாய் வத்தல் சுமார், பருத்திக்கு விலையே இல்லை.

மடத்துக்கேணி எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் நாங்களே சொல்லிவிடுவோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில். ஸ்ரீவில்லிபுத்தூரில் வானத்தைத் தொடுகிற கோபுரம் இருக்கிறது. ராஜபாளையத்தில் பஜார் இருக்கிறது, நாய்கூட நல்ல சாதி நாய். எங்களுக்கு என்ன இருந்தது? ரயில் எங்களைப் பார்த்ததும் ஒரு ஊது ஊதிவிட்டு நிற்காமல் போகும். அது மரியாதைக்கு ஊதுவதாகவே நாங்கள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு பஞ்சாயத்து போர்டு இருந்தது, அந்த போர்டுக்கு மூக்குக்கு மேல் ரோஷம் இருந்தது.

போர்டின் தலைவர் கருத்தையா. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நல்லவர்தான், யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பேச்சைக் கேட்பார் என்பதைத் தவிர. அவர் மனைவி தலைப்பிரசவத்தில் செத்துப்போனாள். வண்டி கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், பிள்ளையை மடியில் விட்டுவிட்டுத் தாய் போய்விட்டாள். அந்தப் பிள்ளைதான் மாரியாத்தாள். கருத்தையா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலைவரானதும் அவர் செய்த முதல் காரியம், மிஷன் ஆஸ்பத்திரியில் படித்த தேவகிருபையை போர்டு மருத்துவச்சியாக ஊருக்குக் கூட்டிவந்தது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை, ஒரு இரும்புக் கட்டில், ஒரு பெனாயில் பாட்டில், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. தேவகிருபை வந்த பிறகு எங்கள் ஊரில் பிள்ளை பெறப் போனவள் எவளும் திரும்பி வராமல் போகவில்லை. இதை நாங்கள் எங்கள் ஊர்த் தண்ணீரின் விசேஷம் என்று வெளியூரில் சொல்லிக்கொண்டோம்.

வினை கட்டிலில் வந்தது. கிழக்குத் தெரு என்று ஒரு தெரு உண்டு. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அங்கேதான் கூப்பிடுவோம், ஆனால் அந்தத் தெருவில் நாங்கள் கால் வைப்பதில்லை, அவர்களும் எங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடப்பதில்லை. அந்தத் தெருவிலிருந்து இருளம்மாள் என்கிற பெண் இடுப்பு வலியோடு நடந்தே வந்து அறைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தேவகிருபை அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். பெண்பிள்ளை, சுகப்பிரசவம். மறுநாள் போர்டு மெம்பர் சமுத்திரத்தின் மருமகளுக்கு வலி எடுத்தது, அதே கட்டில். சமுத்திரம் அறை வாசலில் நின்று, ஊருக்கே யாரோ தீ வைத்துவிட்ட மாதிரி சத்தம் போட்டார். அந்த வாரமே போர்டு கூடி, சுகாதாரத்தை முன்னிட்டுக் கட்டிலை அப்புறப்படுத்துவது என்று முடிவு செய்தது. இரும்புக் கட்டிலை எரிக்க முடியாது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வண்டி விறகு போட்டு எரித்தோம். கட்டில் கறுத்துப்போய் அப்படியே நின்றது. அதைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டோம். அது நாங்கள் குடிக்கிற கிணறு.

தேவகிருபை புதுக் கட்டில் கேட்டாள். போர்டு அதைப் பற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆறேழு கூட்டம் பேசியது. பேச்சு நீண்டுகொண்டே போனபோது சமுத்திரம் எழுந்து, ஊருக்கு ஒரு மணிக்கூண்டு வேண்டும் என்றார். ராஜபாளையத்துக்காரன் வாயடைத்துப் போவான், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் கோபுரத்தை மறந்துவிட்டு வந்து பார்ப்பான் என்றார். எங்கள் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. மருத்துவச்சி உத்தியோகத்தை நிறுத்தினால் மணிக்கூண்டு கட்டிவிடலாம் என்பதும், அவள் வருவதற்கு முன்னாலும் இந்த ஊரில் பிள்ளைகள் பிறந்துகொண்டுதானே இருந்தன என்பதும் அவர் வாதம். கடைசியாகப் பேசியவர் அவர். கருத்தையா கையெழுத்துப் போட்டார். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தேவகிருபை தன் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு சேத்தூர் பஸ்ஸில் ஏறிப் போனாள். வழியனுப்ப யாரும் போகவில்லை, நாங்கள் எல்லோரும் மணிக்கூண்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே இருளம்மாளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்க வேண்டும். வலி வந்தது, பஸ் புறப்பட்டதும் அந்த வலி நின்றுபோனது. அதோடு ஊரில் ஒருத்திக்கும் வலி வரவில்லை. முதலில் நாங்கள் அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினோம், சிலர் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மாலை வாங்கி வந்து வயிற்றில் போட்டார்கள். வசதி உள்ளவர்கள் ராஜபாளையம் டாக்டரிடம் போனார்கள். அவர் குழாயை வைத்துக் கேட்டு, பிள்ளை சௌக்கியமாக இருக்கிறது, வர விருப்பப்படவில்லை என்று சொல்லி பீஸ் வாங்கிக்கொண்டார். ஆடி மாதம் வாக்கில் பிள்ளைகள் உள்ளே பேச ஆரம்பித்தார்கள். பெண்கள் தண்ணீர் எடுக்கக் கிணற்றடியில் சேரும்போது வயிற்றுக்கு வயிறு பேச்சு நடக்கும். என்ன பேசினார்கள் என்று சரியாகக் கேட்காது. ஆனால் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் இன்னொருவர் பேசுவார் என்பது தெளிவாகத் தெரிந்தது. எங்கள் போர்டு பிறந்ததிலிருந்து அப்படி ஒரு கூட்டம் நடத்தியதில்லை. இதற்கு நடுவில் மணிக்கூண்டு எழும்பிவிட்டது. மதராஸிலிருந்து வந்த கடிகாரத்துக்கு ஒரு முள்தான் இருந்தது. மணி அடிக்கும், ஆனால் அடிக்கிற கணக்குக்கும் பொழுதுக்கும் சம்பந்தம் இருக்காது. அது அடிக்கும்போதெல்லாம் ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு உதை உதைப்பார்கள், பெண்கள் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மாரியாத்தாளைச் சோழபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பங்குனியில் தகப்பன் வீட்டுக்கு வந்தாள். ஆனி மாதம் பிறக்க வேண்டிய பிள்ளை ஐப்பசியிலும் உள்ளே இருந்தது. கால் ரெண்டும் வீங்கி, படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். மூச்சு வாங்கியது. மற்ற பெண்கள் தாங்கினார்கள், அவள் உடம்பு தாங்கவில்லை. நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனாள்.

ஒருநாள் காலையில் அவள் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, "அய்யா, அம்மா மாதிரி நானும் போயிருவேனா?" என்று கேட்டாள்.

கருத்தையா துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு வெளியே வந்தார், சமுத்திரம் ஏதோ பேச எதிரே வந்ததையும் பார்க்காமல் சேத்தூர் பஸ்ஸில் ஏறினார். அவரிடம் கடைசியாகப் பேசியவர் சமுத்திரமாக இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

சேத்தூரில் தேவகிருபை தங்கை வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் வந்து நின்றதும் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கட்டில் எங்க இருக்கு, தலைவரய்யா?"

"கெணத்துல கெடக்கு."

"அந்த அறை?"

"சமுத்திரம் உர மூட்டை அடுக்கியிருக்கான். நர்சம்மா, எம் பிள்ள போயிருவா. அவ ஆத்தாளத் தூக்கிப் போட்டவன் நானு. திரும்ப என்னால முடியாது."

தேவகிருபை கையைக் கழுவினாள். "வாரேன். எனக்கு ஒரு அறை வேணும், தண்ணி வேணும், விளக்கு வேணும். யாரு வந்தாலும் ஒரே கட்டில், வந்த வரிசையில. இதுக்கு போர்டு சரின்னு சொல்லணும். நீங்க மட்டும் சொன்னாப் பத்தாது, நாளைக்கு வேற ஒருத்தர் வந்து பேசுவாவ."

போர்டு கூடியது. மருத்துவச்சி வேண்டும் என்பதில் மெம்பர்களுக்குள் இரண்டு அபிப்பிராயம் இல்லை, எல்லார் வீட்டிலும் வயிறு காத்துக்கிடந்தது. அறை எந்தத் தெருவில் என்பதுதான் கேள்வி. பிரசவ அறை ஊருக்கு அத்தியாவசியம், ஆகையால் அடுத்த தெருவில் வைக்கலாம் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்து மதியச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில், யார் தெருவிலும் சேராமல் முச்சந்தியில் நிற்கிற கட்டடம் ஒன்றே ஒன்றுதான் என்று கண்டுபிடித்தோம். மணிக்கூண்டின் அடியில் ஓர் அறை இருந்தது, எதற்கு என்று கட்டிய மேஸ்திரிக்கே தெரியாது. தண்ணீர்த் தொட்டி வைத்தோம், காஸ் விளக்கு வாங்கினோம், கிணற்றிலிருந்து கட்டிலை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. கடிகாரத்தின் மணிநாக்கைக் கழற்றிவிட்டார்கள், அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் ஏற்படவில்லை.

தேவகிருபை வந்து இறங்கினாள். தலைவர் மகள் என்று மாரியாத்தாளைத்தான் முதலில் நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். தேவகிருபை வயிற்றில் கை வைத்தாள், காது வைத்தாள். பிள்ளை உள்ளிருந்து ஏதோ சொன்னது. அவள் நிமிர்ந்து, "இவன் வரமாட்டேங்குதான். தனக்கு முன்னால ஆள் இருக்காம்" என்றாள். வெளியே முச்சந்தியில் ஊர்ப் பெண்கள் எல்லாம் நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால், ஆலமரத்தடியில், மாசியிலேயே பெற்றிருக்க வேண்டிய இருளம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

மாரியாத்தாளுக்கு உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. கருத்தையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போனார். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது.

"தாயி, நீ முதல்ல வா."

இருளம்மாள் எழுந்திருக்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். "நான் படுத்து எந்திரிச்ச பொறவு அந்தக் கட்டில எரிப்பியளாய்யா?"

"மாட்டோம்."

"அவிய சொல்லட்டும்" என்று சமுத்திரத்தைக் காட்டினாள்.

சமுத்திரம் தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஒரு முள் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவருடைய மருமகள், அவளும் நிறைமாதம் தாண்டியவள்தான், "சொல்லுங்க மாமா! எம்புட்டு நேரம் நிக்கது?" என்று கத்தினாள். சமுத்திரத்தின் வாயிலிருந்து "எரிக்க மாட்டோம்" என்று வந்தது. அவ்வளவு மெல்லப் பேசி அவரை நாங்கள் பார்த்ததில்லை. கருத்தையா கையை நீட்டினார். இருளம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மாரியாத்தாளைப் பாயில் இறக்கிவிட்டு இருளம்மாளைக் கட்டிலில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. தேவகிருபை கட்டிலைப் பெனாயில் விட்டுத் துடைத்துவிட்டு, மாரியாத்தாளை ஏற்றினாள். துடைத்தது எல்லோருக்கும் துடைக்கிற துடைப்புத்தான். மாரியாத்தாளுக்கும் வலி கண்டது. வெளியே கருத்தையா மணிக்கூண்டுச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார், இறந்துபோன மனைவியின் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார், எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். விளக்கு ஏற்றுகிற நேரத்தில் மாரியாத்தாள் பெற்றுப் பிழைத்தாள். ஆண்பிள்ளை, வாய் நிறையப் பல்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளை நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணி தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். யார் சேனை வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும், அதனால் ஊரில் பெரிய மனுஷராகப் பார்த்துத்தான் கூப்பிடுவோம். கருத்தையா குளித்து, வேட்டி மாற்றி, சங்கில் சீனித்தண்ணியோடு உள்ளே போனார். தங்க மோதிரத்தை அதில் நனைத்துப் பேரன் வாயில் வைத்தார். பிள்ளை மோதிரத்தை ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினான். மறுபடி வைத்தார், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். மாரியாத்தாள் தகப்பன் கையிலிருந்து சங்கை வாங்கினாள். பக்கத்துப் பாயில் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த இருளம்மாளிடம் அதை நீட்டினாள்.

"அக்கா, நீங்க வைங்க."

அறைவாசலில் நின்ற நாங்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தோம். இருளம்மாள் கருத்தையாவைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. சுண்டுவிரலைச் சங்கில் முக்கி நீட்டினாள். பிள்ளை ஆவென்று வாயைத் திறந்தான். சப்பு கொட்டிக்கொண்டு குடித்தான்.

இருளம்மாள் விரல் பட்ட தண்ணி சங்கில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மாரியாத்தாள் அதைத் தகப்பனிடமே திருப்பிக் கொடுத்தாள். கருத்தையா சங்கைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகள் உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அதைக் கீழே ஊற்ற அவருக்குக் கை வரவில்லை. நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க அண்ணாந்து மடக்கென்று குடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு இருளம்மாள் குணம் வந்துவிட்டது. யார் என்ன பேசினாலும் முகத்துக்கு நேராகப் பார்த்து, "இத நீ யாருக்காகச் சொல்லுத?" என்று கேட்பார். போர்டுக் கூட்டத்தில் அது எங்களுக்குப் பெரிய இடைஞ்சலாகத்தான் இருந்தது, பிறகு பழகிப்போனது.