ஒரு மரத்துக்காகப் போட்ட பாதை

தன்னோடு வேலை பார்க்கும் காமாரியாவை அந்தச் சிற்பத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் காமினிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எத்தனையோ முறை கூப்பிட்டும் சாக்குச் சொன்னவள், கம்பத்துக்கு, அதாவது தன் கிராமத்துக்கு, போய்த் திரும்பிய மறுநாளே, "இன்னைக்கு வர்றேன்" என்று தானாகவே வந்து ஜெலுத்தோங்கில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள்.

வாகனங்கள் பறக்கும் சாலையோரத்தில், கருங்கல் மேடைமேல் நின்றது அந்தப் பெருமரம். உடம்பெல்லாம் முகங்களும் கைகளுமாகச் செதுக்கியிருந்தார்கள். 'இம்மண்ணின் முதல் மக்களுக்கு' என்று கீழே ஒரு பித்தளைத் தகடு. திறப்பு விழாவில் மண்ணின் மகிமையை மணிக்கணக்காக முழங்கிய பிரமுகர், செருப்பில் ஒட்டிய மண்ணைப் புல்லில் தேய்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார். காமாரியாவின் கம்பத்திலிருந்து ஓர் ஆளைக்கூட அழைக்கவில்லை. அதில் காமினிக்கு வருத்தம்தான். ஆனாலும் பெருமை தாங்கவில்லை. அந்த மரத்தைக் காட்டிலிருந்து கொண்டுவந்தது அவள் கணவன் சிவநேசனின் லோரி அல்லவா!

"பாரு, உங்க மரம்! எப்படி நிக்குது பாரு!" என்றாள்.

காமாரியா மரத்தில் உள்ளங்கையை வைத்தாள், எடுத்தாள்.

இருவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலை பார்ப்பவர்கள். பேச்செல்லாம் மலாயில்தான். காமாரியா ஓராங் அஸ்லி பழங்குடிப் பெண்; பேராக் மலைக்காட்டுக்குள் அவளுடைய கம்பம். காற்றில் சாய்ந்த பெரிய மரம் ஒன்று அங்கே கிடப்பதாக அவள் பேச்சுவாக்கில் சொன்னதைக் காமினி வீட்டில் போய்ச் சொன்னாள். சிற்பத்துக்கு மரம் கொண்டுவர ஒப்பந்தம் எடுத்துத் தேடி அலைந்துகொண்டிருந்த சிவநேசனுக்கு வாயெல்லாம் பல்.

மரத்தை எடுக்க லோரி உள்ளே போக வேண்டும். லோரி போகப் பாதை வெட்ட வேண்டும். அதற்குத்தான் கம்பத்தார் மசியவில்லை. ஒரு பாதை விழுந்தால் போதும், மரம் வெட்டுகிறவர்கள் அதன் வழியே காட்டையே வாரிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

சிவநேசன் கம்பத்துக்கே போய், எல்லார் முன்னிலையிலும் ஒரு வெற்றிலைமேல் சூடத்தை ஏற்றினான். "மரம் வெளிய போனதும் பாதைய நானே மூடிடுவேன். வேற ஒரு லோரி உள்ள வராது" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காமாரியாவின் தாயார், கூடப் போயிருந்த காமினியின் முகத்தைப் பார்த்தார். காமினி கண்கலங்கத் தலையாட்டினாள். தன் புருஷன் சூடம் அடித்துச் சத்தியம் செய்து அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகுதான் கம்பத்தார் சரி என்றார்கள்.

"பாதைய மூடல, காமினி" என்றாள் காமாரியா இப்போது.

"மூடலையா? மூடியாச்சுன்னு அவரே சொன்னாரே."

காமாரியா கைப்பேசியை நீட்டினாள். கம்பத்தில் அவள் எடுத்த படம். செம்மண் பாதை இரண்டு மடங்கு அகலமாகியிருந்தது. வெட்டிய மரங்களை அடுக்கிக்கொண்டு லோரிகள் வரிசையாக வந்தன. முன்னால் வந்த லோரியின் நெற்றியில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது.

"எனக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாது. ஆனா உன் தண்ணி போத்தல்ல தினமும் பாக்கறேன்" என்றாள் காமாரியா. "நீயே படி."

படிக்க என்ன இருக்கிறது? 'காமினி' என்று சிவப்பு எழுத்தில் அவள் பெயரே அவளைப் பார்த்தது. கல்யாணமான புதிதில் சிவநேசன் ஆசையாக எழுதிய பெயர். அங்கேயே நின்றபடி கணவனை அழைத்தாள்.

"அந்தப் பாதையில நம்ம லோரி ஏன் ஓடுது?"

"யாரு சொன்னது, அந்தப் பொண்ணா?" என்றான் சிவநேசன். "நான் ஓட்டலன்னா வேற எவனாச்சும் ஓட்டுவான்லா. சும்மா டென்ஷன் ஆகாத."

"சூடம் அடிச்சீங்களே!"

"அவங்களுக்குச் சூடம்னா என்னான்னு தெரியுமா? அது அவங்களுக்காக அடிச்சதில்ல காமினி. நீ நம்பணும்னு அடிச்சது. நீ நம்புனாத்தானே அவங்க நம்புவாங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

காமினி இணைப்பைத் துண்டித்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் தன் முகத்தை ஒரு சாவியைப்போல எடுத்து அடுத்தவர் வீட்டைத் திறந்திருக்கிறான்! அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள் காமாரியா.

மழுப்பியிருக்கலாம். காமினி ஒரு சொல்கூட விடாமல் மலாயில் சொன்னாள்.

"அப்ப உன்னையும் ஏமாத்தியிருக்கான்" என்றாள் காமாரியா. அவள் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. காமினி அவள் கையைப் பிடிக்கப் போனாள். காமாரியா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"ஆனா எங்கம்மா அவன நம்பல, காமினி. உன்னத்தான் நம்புனாங்க."

பஸ் வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.