என்னைப் பற்றி ஹராக்கா எழுதிய குறிப்பு

எனக்குக் கோபமே வராதுன்னு நாற்பது வயசு வரைக்கும் நம்பிக்கிட்டிருந்த ஆள் நான். எங்க ஊரு கோட்கா காகித ஆலையில என்னை மாதிரி பொறுமைசாலி கிடையாதுன்னு சொல்லுவாங்க. அந்தத் தைரியத்துலதான் ஒரு வருஷம் லீவு போட்டுட்டு வீட்டுல உட்கார்ந்து ஆன்லைன் போக்கர் ஆட ஆரம்பிச்சேன். என் பெண்டாட்டி மெர்வி ஒரே ஒரு கண்டிஷன் போட்டா. ஆட்டத்துக்குன்னு ஒதுக்கின இருபதாயிரம் யூரோ ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கினா, மறுபேச்சு இல்லாம ஆலைக்குத் திரும்பிடணும்.

பத்து மாசத்துல அது ஐயாயிரத்து எழுநூறுக்கு வந்து நின்னுச்சு. போனதுல பாதி ஒரே ஆள்கிட்ட. ஹராக்கான்னு பேர் வச்சுக்கிட்டு ஆடுற ஆள். ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது, திரையில ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை படம் மட்டும்தான். என்கிட்ட நல்ல சீட்டு இருந்தா நைசா நழுவிடும். வெறுஞ்சீட்டை வச்சு நான் பந்தயம் ஏத்தினா கரெக்டா வந்து பிடிச்சுக்கும். ஏதோ தில்லுமுல்லுன்னு மூணு தடவை புகார் எழுதினேன், மூணு தடவையும் ஒண்ணும் இல்லைன்னு பதில் வந்துச்சு. வயிறு எரிஞ்சுது. ஆனா நாகரிகமான ஆள் இல்லையா, தோத்ததும் 'நல்லா ஆடினீங்க'ன்னு டைப் பண்ணி அனுப்பிடுவேன்.

மார்ச் மாசம், ஜெயிச்சிருந்த ஒரு இலவச டிக்கெட்ல கடலுக்கு அந்தப் பக்கம் தாலின் நகரத்துல நடக்கிற போக்கர் போட்டிக்குக் கப்பல் ஏறினேன். சாப்பிடுற இடத்துல எதிர் நாற்காலியில சைமின்னு ஒரு பொண்ணு வந்து உட்கார்ந்தா. அவளும் அதே போட்டிக்குத்தான் போறா. ஆன்லைன்ல என்ன பேருன்னு சும்மா கேட்டு வச்சேன். ஹராக்கான்னு சொன்னா. வாய்க்குக் கொண்டு போன ஹெர்ரிங் மீனைத் திரும்பத் தட்டுலயே வச்சேன்.

நான் ஆடுற பேரு ஹவுகி. அதைச் சொன்னதும் அவளுக்கு முகம் சங்கடமாயிடுச்சு. வாடகையில முக்கால்வாசி உங்க காசுதான்னு ஒத்துக்கிட்டா. இந்தப் போட்டியோட ஆட்டத்தை விடுறாளாம், ஆகஸ்ட்ல நர்ஸ் படிப்பு. இனிமே எனக்கு இது தேவைப்படாதுன்னு லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினா.

எதிராளி பேருக்குப் பக்கத்துல குறிப்பு எழுதி வைக்கிறது எங்க வழக்கம். அவளைப் பத்தி நான் எழுதினது 'அதிர்ஷ்டம் பிடிச்ச கழுதை', அவ்வளவுதான். என்னைப் பத்தி அவ ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தா.

'தோத்த உடனே ஒண்ணும் பண்ண மாட்டார். நாலு ஆட்டம் அடங்கி இருப்பார். அஞ்சாவதுல என்ன சீட்டு வந்தாலும் ஒரு நொடிகூட யோசிக்காம ஏத்துவார். நல்லா ஆடினீங்கன்னு எழுதினா உள்ளே கொதிக்கிறார். எழுதலைன்னா ஒதுங்கிடு, அன்னிக்குப் பிரமாதமா ஆடுவார்.'

ரெண்டு தடவை படிச்சேன். பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணின மெர்விக்கே இது தெரியாது, ஏன், எனக்கே தெரியாது. என் முகத்தைப் பார்க்காதவ, குரலைக் கேட்காதவ, நான் பட்டனை அமுக்குற வேகத்தை வச்சே என் நெஞ்சுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கா. கோபம் வந்திருக்கணும். வரலை. மலையைப் பார்த்த மாதிரி அவளையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

"நீங்க மோசமான ஆட்டக்காரர் இல்லை. அந்த அஞ்சாவது ஆட்டத்துல உட்கார்ந்திருக்கிறது நீங்க இல்லை, அவ்வளவுதான்"ன்னா.

போட்டியில ஒண்ணும் ஜெயிக்காம ஊருக்குத் திரும்பின மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, ரெண்டு ராஜா வச்சுக்கிட்டு கடைசிச் சீட்டுல நானூறு யூரோ விட்டேன். மிச்சம் ஐயாயிரத்து முந்நூறு. மேஜையில மறுபடி நானூறு வச்சேன். அதுவும் போச்சுன்னா ஆலைதான். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னுதான் நினைச்சேன், சத்தியமா. நாலு ஆட்டம் சீட்டைத் தூக்கிப் போட்டேன். அஞ்சாவதுல ரெண்டு ஏஸ் வந்துச்சு. அந்த நானூறை என்கிட்ட ஜெயிச்சவனே எனக்கு முன்னாடி பந்தயம் ஏத்தியிருந்தான்.

கை தானா மவுஸுக்குப் போச்சு. அது போன வேகத்தை நானே பார்த்தேன். அப்பப்பா, என்ன வேகம். சீட்டுக்காகப் போகுதா, அவனைக் கிழிக்கப் போகுதான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை. கணக்குப்படி ஏஸை விடுறது முட்டாள்தனம், எந்த ஆட்டக்காரனும் சிரிப்பான். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உட்கார்ந்துட்டேன். முடிவெடுக்கக் குடுக்கிற பதினஞ்சு நொடி ஓடி முடிஞ்சு சீட்டு தானா மறைஞ்சு போச்சு.

காபியோட பின்னாடி நின்னுக்கிட்டிருந்த மெர்வி, அது நல்ல சீட்டான்னு கேட்டா. அதுக்கு மேல சீட்டே கிடையாதுன்னேன்.

"அப்புறம் ஏன் விட்டே?"

"ஆடப் போனது நானான்னு எனக்கே தெரியலை மெர்வி."

 அவ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்துல உட்கார்ந்தா. "நிறுத்தினது நீதானே, அப்போ ஆலைக்கு இன்னும் அவசரம் இல்லை"ன்னா.